துண்டை எடுத்துவிட்டு ஊற்றுங்கள்

முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் நான் பரிமாறும் வேலையில் இருந்தேன். திருமண விருந்து என்றால் எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு ஒன்று உண்டு. வாழ்த்துரைக்கு முன் ஊற்றும் நுரை ஒயின் போத்தலைச் சுற்றி வெள்ளைத் துண்டு ஒன்றைக் கட்ட வேண்டும். கழுத்தில் இருக்கும் பளபளப்பான தாள் வெளியே தெரியலாம், பெயர்ச்சீட்டு தெரியக்கூடாது. மேசை விரிப்பில் சொட்டு விழாமல் இருக்கத்தான் துண்டு என்பார் எங்கள் மேற்பார்வையாளர். உள்ளே இருப்பது ஸ்பெயின் நாட்டுக் காவா என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். விலைப்பட்டியலில் ‘நுரை ஒயின்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். விருந்தினர் அதை ஷாம்பெய்ன் என்று நினைத்துக்கொண்டால் ஹோட்டலுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

ஒரு நாள் மணமகளின் தந்தை என் கையைத் தொட்டு, “தம்பி, இது ஷாம்பெய்ன்தானே?” என்று கேட்டார். கடைசி மகளின் கல்யாணம். சம்பந்தி வீட்டார் பக்கத்து மேசையில் இருந்தார்கள். நான், “ஆமாங்கய்யா” என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் அந்தப் பொய்யும் நினைவிருக்கிறது.

அன்று இன்னொரு தவறும் நடந்தது. அதை அப்போது தவறு என்று யாருக்கும் தெரியாது. ஐந்தடுக்குக் கேக்கை வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, உடனே குவளையைக் கையில் கொடுத்தோம். வாயெல்லாம் பாலேடும் சர்க்கரையுமாக இருக்கும்போது, இனிப்பே இல்லாத ஒயினைக் குடித்தால் எப்படி இருக்கும்? எலுமிச்சை பிழிந்த சோடாவில் சர்க்கரை போட மறந்துபோனதைப் போல இருக்கும். ஒரு மிடறு, ஒரு முகச்சுளிப்பு, குவளை கீழே. விருந்து முடிந்ததும் முக்கால்வாசி நிறைந்து நின்ற குவளைகளைத் தட்டுத் தட்டாகத் தூக்கிப்போய்க் கழுவுதொட்டியில் கொட்டினேன். ‘மட்டமான சரக்கு’ என்று ஒரு மாமா சொன்னது காதில் விழுந்தது.

சரக்கு மட்டமில்லை. சொந்தப் பெயரும் இல்லாமல், ஒத்துப்போகாத கேக்கோடும் அதை மேடையேற்றியிருந்தோம். இந்த வாரம் அந்தப் போத்தலைப் பற்றித்தான் எழுதுகிறேன். மது வேண்டாம் என்று இருப்பவர்கள் இதைப் படித்து மனம் மாற வேண்டியதில்லை. ஆனால் ஆண்டிறுதி விருந்துக்கோ பிறந்தநாளுக்கோ பேரங்காடியில் கைக்கு எட்டிய நுரை ஒயினை எடுத்துவந்து, கேக்குக்குப் பக்கத்தில் வைப்பவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள்.

காவா என்றால் கட்டலான் மொழியில் நிலவறை. ஸ்பெயினின் வடகிழக்கில், பார்சலோனா நகருக்கு மேற்கே பெனடெஸ் என்ற திராட்சை வட்டாரம் இருக்கிறது. அங்குள்ள சான் சடுர்னி டனோயா என்ற சிற்றூர்தான் காவாவின் தாய்வீடு. கொடோர்னியு ஒயின் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் ரவெண்டோஸ், பிரான்ஸின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் கையாளும் அதே முறையில், தன் ஊர்த் திராட்சையைக் கொண்டு 1872ல் நுரை ஒயின் செய்தார். பிற்பாடு, பிரான்ஸை அழித்த ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி பெனடெஸுக்கும் வந்து சேர்ந்தது. கொடிகள் பட்டுப்போயின. அதுவரை கறுப்புத் திராட்சை நிறைய இருந்த தோட்டங்களில், மறுநடவின்போது நுரை ஒயினுக்கு ஏற்ற வெள்ளைத் திராட்சையே அதிகம் நடப்பட்டது. ஒரு பூச்சி வந்து ஊரின் தொழிலையே மாற்றிவிட்டுப் போனது. சான் சடுர்னிக்காரர்கள் அதை மறக்கவில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊர்த் திருவிழாவில் அந்தப் பூச்சியை ராட்சத உருவமாகச் செய்து, வாணவேடிக்கையோடு தெருத்தெருவாக ஓடவிடுகிறார்கள்.

பெயருக்கு வருவோம். பல காலம் அவர்களும் தங்கள் ஒயினை ஷாம்பெய்ன் என்றே அழைத்தார்கள். கட்டலான் மொழியில் அதற்கேற்ற உச்சரிப்பும் எழுத்தும் இருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ‘ஸ்பானிஷ் ஷாம்பெய்ன்’ என்ற பெயரில் இங்கிலாந்தில் விற்ற நிறுவனத்தின் மீது ஷாம்பெய்ன் தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1960ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்கே வெற்றி. அதன் பிறகுதான் காவா என்ற சொல் மெல்ல மெல்லப் போத்தலுக்கு ஏறியது. ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த 1986க்குப் பிறகு அதுவே சட்டப்படியான பெயராக நிலைத்தது. அவர்கள் அடுத்தவர் பெயரைக் கைவிட்டுவிட்டார்கள். நாங்கள்தான் அதற்குப் பிறகும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

பெயர் வேறு என்றாலும் செய்முறை ஷாம்பெய்னுக்கும் காவாவுக்கும் ஒன்றுதான். முதலில் சாதாரண வெள்ளை ஒயின் செய்கிறார்கள். மகபேயோ, ஷரேலோ, பரேயாடா என்ற மூன்று உள்ளூர்த் திராட்சைகள்தான் பழைய கூட்டணி. மகபேயோ மென்மையும் பழவாசமும் தரும். ஷரேலோதான் முதுகெலும்பு, புளிப்பும் திடமும் அதிலிருந்து வரும். மேட்டு நிலத்தில் விளையும் பரேயாடா லேசான பூமணத்தைச் சேர்க்கும். இந்த ஒயினைப் போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, சோடா போத்தலுக்குப் போடுவதைப் போன்ற தகர மூடியால் இறுக்கிவிடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று இரண்டாம் முறை நொதிக்கிறது. வெளிவரும் வாயுவுக்குப் போக வழியில்லை, ஒயினுக்குள்ளேயே கரைகிறது. உள்ளே உருவாகும் அழுத்தம் கார் சக்கரத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். போத்தல் ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது என்பது இப்போது புரியும்.

வேலை முடிந்து செத்துப்போன ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும். அதன் மேலேயே ஒயின் குறைந்தது 9 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும் என்பது காவாவின் சட்டம். அந்த வண்டல்தான் ரொட்டி வாசத்தையும் வறுத்த பாதாம் வாசத்தையும் தருகிறது. பிறகு வண்டலை வெளியேற்ற வேண்டுமே? போத்தலைத் தலைகீழாகச் சாய்த்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவர வேண்டும். கையால் செய்தால் ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். கட்டலான்காரர்கள் இதற்குச் சுழலும் இரும்புக் கூண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 500 போத்தல் வரை ஒன்றாகத் திருப்பும் அதற்குக் ‘கிராசோல்’ என்று பெயர். சூரியகாந்தி என்று பொருள். வேலை சுமார் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இன்று ஷாம்பெய்ன் நிலவறைகளிலும் இந்த வகைக் கூண்டுதான் சுழல்கிறது. கடைசியாகக் கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், வண்டல் பனிக்கட்டியாகத் தெறித்து வெளியேறும். குறைந்த அளவை நிரப்பி, தக்கை போட்டு, கம்பி கட்டினால் காவா தயார்.

பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் இத்தாலியப் புரோசெக்கோ அப்படியல்ல. அதில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாம் நொதித்தல் பெரிய எஃகுத் தொட்டியிலேயே நடந்துவிடும். அதுவும் நல்ல ஒயின்தான். பேரிக்காய் வாசத்தோடு இன்னும் இலகுவாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு போத்தலும் தனித்தனியாகப் பொங்கி, தனித்தனியாகச் சுத்தமாகி வரும் ஒயின் அதே விலைக்குப் பக்கத்துத் தட்டில் நிற்கிறது. அதைத்தான் நாம் மட்டம் என்கிறோம்.

எப்படி இவ்வளவு மலிவாகத் தர முடிகிறது? கூண்டு ஒரு காரணம். மாபெரும் நிறுவனங்கள் கோடிக்கணக்கில் போத்தல் தயாரிப்பது இன்னொன்று. கறுப்புப் போத்தலை உலகமெங்கும் கொண்டுபோன ஃப்ரெஷெனெட், பழைய கொடோர்னியு இரண்டும்தான் பெரிய வீடுகள். 2018ல் முன்னதன் பெரும்பங்கு ஜெர்மானிய நிறுவனத்திடமும் பின்னதன் பெரும்பங்கு அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடமும் போனது. மூன்றாவது காரணத்தைச் சொல்லும்போதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்: திராட்சைக்குக் கிடைக்கும் விலை. மலிவுப் போத்தலுக்கு விற்கும் விவசாயிக்குக் கிலோவுக்கு ஒரு யூரோகூடக் கிடைக்காத ஆண்டுகள் பல.

இந்த மலிவுப் பெயரே வேண்டாம் என்று சிலர் வெளியேறிவிட்டார்கள். 1872ல் தொடங்கிவைத்த அந்த ரவெண்டோஸின் வாரிசுகள் நடத்தும் ரவெண்டோஸ் இ பிளாங்க் 2012ல் காவா என்ற பெயரைக் கைவிட்டது. 2019ல் ரெகரெடோ, கிராமோனா உள்ளிட்ட மதிப்புமிக்க வீடுகள் சில சேர்ந்து வெளியேறி, ‘கோர்பின்னாட்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கின. இயற்கை வேளாண்மை, கையால் பறித்த திராட்சை, குறைந்தது 18 மாத நிலவறை வாசம் என்று கடுமையான விதிகள் வைத்திருக்கிறார்கள். ஷாம்பெய்ன் என்ற பெயரைப் பறிகொடுத்துப் பெற்ற பெயர் காவா. அதையும் பெற்றவர்களின் வீட்டாரே வேண்டாம் என்கிறார்கள்.

இதற்கு நடுவே 2004ல் அரசியலும் புகுந்தது. மட்ரிட் நகரின் ஒலிம்பிக் முயற்சியை ஆதரிக்க வேண்டாம் என்று ஒரு கட்டலான் அரசியல் தலைவர் பேசப்போக, அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்பெயினின் மற்ற பகுதிகளில் பலர் கட்டலான் காவாவைப் புறக்கணித்தார்கள். தெற்கே எஸ்ட்ரமதுரா வட்டாரத்தில் செய்யும் காவாவுக்கு அது யோகமாகப் போனது. அதைவிடப் பெரிய அடி வானத்திலிருந்து வந்தது. 2021க்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கட்டலோனியாவில் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வறண்டு, 2024 பிப்ரவரியில் பார்சலோனா வட்டாரத்தில் வறட்சி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. போதிய திராட்சை இல்லாமல் ஃப்ரெஷெனெட் அதே ஆண்டு தன் ஊழியர்களில் பெரும்பாலோருக்குத் தற்காலிக வேலை நிறுத்தம் அறிவித்தது. நடவு செய்து ஐம்பது அறுபது ஆண்டான கொடிகள்கூடச் சில இடங்களில் காய்ந்துபோயின.

அதனால் வாங்கும்போது எனக்கு ஒரு கணக்கு உண்டு. சிங்கப்பூரில் ஒரு லிட்டர் தூய மதுசாரத்துக்கு 88 வெள்ளி தீர்வை. 11.5 விழுக்காடு கொண்ட 750 மில்லி லிட்டர் காவாவுக்கு அது ஏறத்தாழ 7 வெள்ளி 60 காசு. போத்தல் மலிவானாலும் விலையுயர்ந்ததானாலும் தீர்வை அதேதான். ஆகவே மிக மலிவான போத்தலை எடுத்தால், நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு தீர்வைக்கும் கப்பலுக்கும் கண்ணாடிக்கும் போய்விடும். ஒயினுக்கும் அதை விளைவித்தவருக்கும் மிஞ்சுவது கொஞ்சம். இன்னும் எட்டுப் பத்து வெள்ளி கூட்டினால் அந்தப் பணம் கிட்டத்தட்ட முழுவதும் ஒயினின் தரத்துக்குப் போகிறது. முடிந்தவர்கள் ‘ரெசெர்வா’ என்று போட்டதைத் தேடுங்கள். குறைந்தது 18 மாதம் நிலவறையில் இருந்தது என்று அர்த்தம். ‘கிரான் ரெசெர்வா’ என்றால் 30 மாதம். அது நிதானமாக உட்கார்ந்து குடிக்க வேண்டியது. கூட்டத்துக்கு ஊற்ற வேண்டாம். பத்துப் பேர் வரும் மதியத்துக்கு, எளிதாகக் குடிக்கச் சாதாரணக் காவாவே போதும்.

பெயர்ச்சீட்டில் இன்னொரு சொல்லையும் பார்க்க வேண்டும். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘புரூட் நேச்சர்’ என்றால் வண்டல் நீக்கியபின் சர்க்கரை சேர்க்காதது. லிட்டருக்கு 3 கிராமுக்குள்தான் சர்க்கரை இருக்கும். ‘புரூட்’ என்றால் 12 கிராம் வரை. ஒரு குவளைக்கு அரைத் தேக்கரண்டிகூட வராது. ‘எக்ஸ்ட்ரா செக்கோ’ என்பதற்கு ‘மிகவும் இனிப்பற்றது’ என்று நேர்ப்பொருள், ஆனால் அது புரூட்டைவிட இனிப்பானது. ‘செக்கோ’வில் 32 கிராம் வரை போகலாம். ‘செமி செக்கோ’ வெளிப்படையாகவே இனிக்கும். அன்று அந்தக் கல்யாணத்தில் கேக்கோடு ஊற்றியது புரூட். செமி செக்கோ ஊற்றியிருந்தால் மாமா அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

எதோடு சாப்பிட வேண்டும் என்பதை ஓய்வுக்குப் பிறகு ஒரு பிப்ரவரியில் அங்கேயே போய்ப் பார்த்தேன். பார்சலோனாவிலிருந்து புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரம்தான் சான் சடுர்னி. இறங்கினால் நிலையத்தை ஒட்டியே ஃப்ரெஷெனெட் கட்டடம். கொடோர்னியு நிலவறைகள் ஊருக்கு வெளியே. கட்டடக் கலைஞர் புய்க் இ கடஃபால்க் கட்டியவை, கோயில் மண்டபம்போல வளைவு வளைவாக இருக்கும். ஆனால் என் பாடம் அங்கே நடக்கவில்லை. ஒரு தோட்டத்து முற்றத்தில் நடந்தது.

குளிர்காலம் முடியும் சமயத்தில் அங்கே ‘கல்சோட்’ என்ற ஒரு வகை வெங்காயத்தாள் கிடைக்கும். முளை வளர வளர மண்ணை அணைத்து அணைத்து, வெள்ளைத் தண்டை நீளமாக்கி வளர்ப்பார்கள். வெட்டிய திராட்சைக் குச்சிகளில் நெருப்பு மூட்டி, வெளித்தோல் கரியாகும்வரை சுட்டு, செய்தித்தாளில் சுற்றி வைத்துவிடுவார்கள். உள்ளே அதன் ஆவியிலேயே வெந்து கிடக்கும். கூரை ஓட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். பெரியவர்கள்கூடக் குழந்தையைப்போல் கழுத்தில் ஒரு மார்த்துணி கட்டிக்கொள்கிறார்கள். கரிந்த தோலை ஒரே இழுப்பில் உருவி, பாதாமும் சுட்ட தக்காளியும் பூண்டும் காய்ந்த மிளகாயும் அரைத்த ரொமெஸ்கோ சாற்றில் முக்கி, தலையை அண்ணாந்து வாய்க்குள் இறக்க வேண்டும். கையெல்லாம் கரி. அந்தக் கரிக்கையோடே சாதாரணக் கண்ணாடிக் குவளையில் காவா. வாழ்த்துரை இல்லை, கேக் இல்லை. புகை, எண்ணெய், பாதாமின் கனம் எல்லாவற்றையும் அந்தக் குமிழ்களும் புளிப்பும் துடைத்துவிட, அடுத்த வெங்காயத்துக்கு நாக்கு தயாராகிவிடுகிறது. நான் பதினாறு சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி முப்பது.

அதன்பின் அங்கு எங்கே பார்த்தாலும் இதே கதைதான். ரொட்டியில் பழுத்த தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் விட்ட துண்டு. அதன் மேல் உப்பிலிட்ட நெத்திலி. உப்புக் கருவாடான காட் மீனை ஊறவைத்துச் செய்யும் பொரித்த உருண்டை. உருளைக்கிழங்கு முட்டை அடை. வறுத்த இறால். ஒலிவங்காய், உருளை வறுவல். பார்சலோனாவில் காவாவைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றும் பழைய கடைகளில் இவைதான் தட்டில் வரும். இனிப்போடு குடிப்பதும் உண்டு: ஜூன் மாதம் புனித ஜானின் இரவில், பழம் பதித்த ‘கோகா’ என்ற இனிப்பு ரொட்டியோடு. ஆண்டுப்பிறப்பு நள்ளிரவில், மணி அடிக்க அடிக்க 12 திராட்சைகளை விழுங்கி முடித்ததும் காவாதான்.

சூத்திரம் எளிது. உப்பு, பொரியல், புகை. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் புரூட் காவா பொருந்தும். நம் வீட்டில் எதைச் செய்யலாம் என்று கேட்பீர்கள். சுடச்சுட உளுந்து வடை. அதைவிட மேலான துணை எனக்குத் தெரியாது. மிளகை மட்டும் கொஞ்சம் குறையுங்கள், தேங்காய்ச் சட்னியில் பச்சை மிளகாயைப் பாதியாக்குங்கள். வறுத்த நெத்திலியும் நிலக்கடலையும். சிப்பி ஓம்லெட் வாங்கிவந்தால் காரச் சாற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கோழிச் சோற்றில் அந்த இஞ்சியும் கோழிக் கொழுப்பும் காவாவுக்கு நன்றாகவே ஒத்துவருகின்றன. சாத்தேயை மறக்கக்கூடாது: கரிநெருப்பு, கடலைச் சாறு என்று பார்த்தால் அந்த வெங்காயத்துக்கும் ரொமெஸ்கோவுக்கும் தூரத்துச் சொந்தம். சாறு இனிப்பாக இருப்பதால் அதற்கு எக்ஸ்ட்ரா செக்கோ நல்லது.

காரம்தான் எதிரி. குமிழ்கள் ஏற்கெனவே நாக்கைக் குத்தும். மிளகாய் எரிச்சலை அவையும் மதுசாரமும் சேர்ந்து கிளறிவிடும். மீன்தலைக் கறிக்கும் ஆட்டுக்கறிப் பிரட்டலுக்கும் காவா வைப்பது ஒயினுக்கும் கேடு, கறிக்கும் கேடு. பாயசம், குலாப் ஜாமூன் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். அவற்றின் இனிப்புக்கு முன் செமி செக்கோகூடத் தாக்குப்பிடிக்காது. எளிய வெண்ணெய்க் கேக், பழம் என்றால் சரி. விருந்துக்கு வருபவர்களில் குடிக்காதவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கும் அதே மாதிரிக் குவளையில், நன்றாகக் குளிர்ந்த எலுமிச்சைச் சோடாவை உப்பு ஒரு சிட்டிகை போட்டுக் கொடுங்கள். அதே வடையோடு அதே வேலையை அதுவும் செய்யும்.

நம் ஊர் வெக்கையில் குளிர்ச்சிதான் பாதி வெற்றி. 6 முதல் 8 டிகிரி இருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் மூன்று மணி நேரமாவது வையுங்கள். அவசரம் என்றால் வாளியில் பனிக்கட்டியோடு தண்ணீரும் ஊற்றி அரை மணி நேரம். வெறும் பனிக்கட்டி போதாது. ஃபிரீசரில் வைத்து மறந்துபோனால் போத்தல் வெடிக்கும். வெதுவெதுப்பான போத்தலைத் திறந்தால் பாதி ஒயின் கூரைக்குப் போகும். கம்பியைத் தளர்த்தும் நொடியிலிருந்து கட்டை விரல் தக்கையின் மேலேயே இருக்கட்டும். போத்தலைச் சாய்த்து, யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்காமல், தக்கையை ஒரு கையால் இறுகப் பிடித்து மறு கையால் போத்தலைத் திருப்புங்கள். ‘டப்’ என்ற சத்தம் வேண்டாம். பெருமூச்சு விடுவதைப்போல ‘ஸ்ஸ்’ என்று வந்தால் போதும். இதற்கு மட்டும் துண்டு பயன்படும், வழுக்காமல் பிடிக்க. அகலத் தட்டைக் கிண்ணத்தில் குமிழ் சீக்கிரம் போய்விடும். சாதாரண வெள்ளை ஒயின் குவளையே நல்லது. கொஞ்சம் ஊற்றி, நுரை அடங்கியபின் மீதியை ஊற்றுங்கள். ஒரு போத்தலில் ஆறு குவளை. இரவு 10.30க்கு மேல் கடையில் வாங்க முடியாது என்பதால் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். மீந்தால் அழுத்தி மூடும் மூடி போட்டு வைத்தால் மறுநாள் வரை தாங்கும். கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிடும் வித்தையால் எந்தப் பயனும் இல்லை.

சென்ற மாதம் என் பழைய மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்திருந்தார். எழுபத்தைந்து வயது. மனைவி அடுப்பில் வடை போட்டுக்கொண்டிருந்தார். நான் குளிர்ந்த போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் குவளை எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அண்ணன் பழக்கதோஷத்தில் சமையலறைத் துண்டு ஒன்றை எடுத்து, மடிப்புக் கலையாமல், போத்தலைச் சுற்றிக் கச்சிதமாகக் கட்டி முடித்திருந்தார். கை இன்னும் மறக்கவில்லை.

“அண்ணே, அதை அவிழ்த்துடுங்க. சொட்டு விழுந்தா விழட்டும்” என்றேன்.

அவிழ்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பெயர்ச்சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார். “அஞ்சு வருஷம் இதைத்தானே ஊத்தினோம்? ஒரு நாளாவது குடிச்சுப் பார்த்திருக்கோமா?” என்று கேட்டுவிட்டு, முதல் வடையை எடுத்துப் பிட்டார்.